புதுச்சேரிக்கு சைக்கிளில் ஒரு நாள்: கடைசி வண்டிக்காரியின் யோசனைகள்

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி சுமார் 140 கிலோமீட்டர். நண்பர்களோடு ஆறு முறை ஓட்டியிருக்கிறேன். முதல் முறை தவிர மற்ற ஐந்து முறையும் கடைசி வண்டி என்னுடையதுதான். அந்த இடத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் பயணத்தில் ஐந்து பேர் போனோம். மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே ஒரு தோழியின் பின்சக்கரம் பஞ்சரானது. முன்னால் போன நாங்கள் நால்வரும் பேச்சு சுவாரசியத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய போனில் சார்ஜ் இல்லை. பம்பு என் பையில் இருந்தது. முக்கால் மணி நேரம் நிழலே இல்லாத அந்தச் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்திருக்கிறாள். நாங்கள் திரும்பிப் போனபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் உறுத்துகிறது.

அதனால் புறப்படுவதற்கு முந்தைய நாளே முதலில் கடைசி ஆள் யார் என்று முடிவு செய்யுங்கள். பஞ்சர் ஒட்டத் தெரிந்த, நிதானமான ஒருவர் வேண்டும். பம்பு, இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், முதலுதவிப் பை எல்லாம் அவரிடம் இருக்கட்டும். அவரை முந்தவிட்டு யாரும் பின்தங்கக் கூடாது. கூட்டத்தில் மெதுவாக ஓட்டுபவரை இரண்டாவதாக விடுங்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வதால் இரண்டாமவருக்கு மிதிப்பது எளிதாகும். அவர் மூச்சு வாங்கினால் முன்னவர் காதில் விழும். இருவரும் தடையில்லாமல் பேசிக்கொண்டு போக முடிகிற வேகமே அன்றைய வேகம். மணிக்கு 20 கிலோமீட்டர் வந்தால் தாராளம். முன்னால் இருப்பவர் கால் மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும்.

ஜனவரி மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்கிலிருந்து வீசும் காற்று தெற்கே போகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். மே மாதத்தில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எதிரே வந்து அறையும். புதியவர்களை அப்போது கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முடிந்தால் வார நாளில் கிளம்புங்கள். ஞாயிறு அதிகாலையில் இந்தச் சாலையில் கார்கள் பறக்கும் வேகம் எனக்கு இன்னும் பயம்தான்.

காலை நான்கரைக்குத் திருவான்மியூர். பின்புறச் சிவப்பு விளக்கு ஒவ்வொரு வண்டியிலும் எரிகிறதா என்று கடைசி ஆள் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். முன்வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தை ஒருபோதும் நுழைக்காதீர்கள். அவர் சற்றே ஒதுங்கினாலும் சக்கரங்கள் உரசும். விழப்போவது பின்னால் வரும் நீங்கள்தான். பள்ளம் கண்டால் கையால் காட்டி, குரலும் கொடுங்கள். அந்தக் குரல் கடைசி வரை வந்து சேர வேண்டும்.

முட்டுக்காடு பாலத்தைத் தாண்டும்போது கழிமுகத்தின் மேல் வெளுப்பு பரவத் தொடங்கும். ஒரு நிமிடம் நின்று பாருங்கள், தவறில்லை. ஏழு மணி சுமாருக்கு மாமல்லபுரம். அங்கே நான்கு இட்லி போதும். பூரியும் பொங்கலும் வயிற்றில் கல்லாக உட்கார்ந்துவிடும். அதன் பிறகு மணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ சாப்பிடுங்கள். பசிக்கட்டும் என்று காத்திருந்தால் கால் ஓய்ந்துவிடும். தண்ணீரும் அப்படித்தான், தாகத்துக்கு முன்பே குடிக்க வேண்டும். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்தது.

கல்பாக்கம் தாண்டி வாயலூரில் பாலாற்றுப் பாலம் வரும். திறந்த வெளி என்பதால் காற்று பக்கவாட்டில் தள்ளும். வண்டிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். சாலை விரிவாக்க வேலை நடக்கும் இடங்களில் சரளைக்கல் கிடக்கும். அங்கே பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் நிதானமாக உருட்டிச் செல்லுங்கள்.

பஞ்சர் வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சீமைக் கருவேல முள்தான். புது டியூப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். முள் இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். வெறும் விரலால் தடவினால் குத்திவிடும். இதைச் செய்யாமல் டியூபை மட்டும் மாற்றிவிட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய பிரஸ்டா வால்வு உள்ள வண்டியென்றால் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஊர்ப்புறப் பஞ்சர் கடைப் பம்பில் காற்றடிக்க முடியாது.

கடப்பாக்கத்தில் நல்ல நிழலாகப் பார்த்து அரை மணி நேரம் காலை நீட்டுங்கள். ஆலம்பரைக் கோட்டைக்கு அங்கிருந்துதான் திரும்ப வேண்டும். கடலோரம் இடிந்து நிற்கும் செங்கல் சுவர்கள் எனக்குப் பிடிக்கும், ஆனால் கூட்டத்தில் ஒருவருக்குக் கால் வலித்தாலும் நான் கோட்டைக்குப் போவதில்லை. அடுத்து வருவது மரக்காணம். பாட்டில்களைக் கடப்பாக்கத்திலேயே நிரப்பிவிடுங்கள். உப்பளச் சாலையில் கூட்டமாகவே போங்கள். வேகம் தெரிந்தவர்கள் விலகி ஓடத் துடிக்கும் இடம் அது.

காலாப்பட்டில் பல்கலைக்கழக வாசல் அருகே எல்லோரும் வந்து சேரும்வரை நில்லுங்கள். கடைசியில் வந்தவர் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, "போகலாம்" என்று சொன்ன பிறகே மிதியுங்கள். அவர் வந்ததுமே மற்றவர்கள் கிளம்பிவிட்டால், ஓய்வு தேவைப்பட்டவருக்குத்தான் ஓய்வு கிடைக்காமல் போகும். ஊருக்குள் நுழையும்போது அவரை முன்னால் விடுகிறோம்.

அறைக்குப் போனதும் படுத்துவிடாதீர்கள். நாள் முழுக்க உப்புக் காற்றில் வந்த வண்டி. காய்ந்த துணியால் செயினைத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள்.