கதிரியக்கத் தூசி விழும் நாளில் தேயிலைத் தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) செய்யக்கூடாதவை

அணுகுண்டு கொழும்பில்தானே விழும், மலைக்கு என்ன வரப்போகிறது என்று இருந்துவிடுவது முதல் தவறு. கொழும்பிலிருந்து ஹட்டன் நேர்கோட்டில் 85 கிலோமீற்றருக்குள்தான். அணுகுண்டு தரையில் வெடித்தால், கிளம்பும் மண்ணும் புழுதியும் கதிரியக்கத்தோடு கலந்து, மேகத்தோடு ஏறிக் காற்றோடு வரும். தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அடித்தால், இரண்டு மணி நேரத்தில் தேயிலை மேல் விழத் தொடங்கிவிடும்.

அந்த நேரத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். பஸ்ஸின் தகரமும் கண்ணாடியும் தூசியிலிருந்து வரும் ஊடுருவும் காமாக் கதிரை அநேகமாகத் தடுப்பதேயில்லை. பாதிவழியில் வாகன நெரிசலில் நிற்கும்போதே தூசி இறங்கிவிடும். மாடிக் கொங்கிரீட் பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளை, அங்கேயே கீழ்த்தளத்தின் நடு வகுப்பறையில் இருக்கட்டும். தாய் மனம் கேட்காது, தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: வெடித்து 1 மணி நேரத்தில் இருக்கும் கதிர்வீச்சு 7 மணி நேரத்தில் பத்தில் ஒன்றாகிறது, 49 மணி நேரத்தில் நூறில் ஒன்று, இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்று. முதல் நாளில் பத்து நிமிடம் வெளியே போய்வருவதும் மூன்றாம் நாளில் பத்து நிமிடம் போய்வருவதும் ஒன்றல்ல. குறைந்தது 24 மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். வானொலி சொல்லாதவரை அதற்கு மேலும்.

அடுத்தது, லயத்துக் கதவைச் சாத்தினால் போதும் என்ற நினைப்பு. கூரைத் தகரம் தூசியை நிறுத்தும், கதிரை நிறுத்தாது. தலைக்கு மேலே எட்டடி உயரத்தில் தகரம் முழுக்கத் தூசி கிடக்க, அதன் கீழே உட்கார்ந்திருப்போம். கதிரைத் தடுப்பது கனம்தான்: 6 செ.மீ. கொங்கிரீட், அல்லது இறுக்கிய மண் 9 செ.மீ., கதிரைப் பாதியாக்கும். ஆகவே லயத்தின் கோடிக் காம்பராவில் (அறையில்) இருப்பவர்கள் நடுக் காம்பராவுக்கு வந்துவிட வேண்டும். மலையை வெட்டிய பக்கத்துச் சுவரை ஒட்டி, தரையில் இருங்கள். தூசி விழுமுன் நேரம் இருந்தால் உர பேக்குகளில் மண் நிரப்பி மற்றச் சுவர்களின் வெளிப்பக்கம் அடுக்குங்கள். உள்ளே பலமான மேசையின் மேல் அரிசி மூட்டையும் தண்ணீர்க் கேனும் வைத்து, அதன் கீழே பிள்ளைகளை விடலாம். மேசையிலும் பழைய சீலிங்கிலும் மண்ணைக் கொட்டாதீர்கள்: ஒரு சதுர மீற்றரில் 10 செ.மீ. மண் 150 கிலோவைத் தாண்டும், சரிந்தால் கதிருக்கு முன் அது கொல்லும். ஹட்டன், கொட்டகலை இடையிலுள்ள சிங்கமலை ரயில் சுரங்கம் நடந்து போகும் தூரத்தில் இருந்தால், அதன் நடுப்பகுதி எந்த லயத்தையும்விடப் பத்திரம். வாய்ப் பக்கம் நிற்கக்கூடாது.

தூசியில் நனைந்து வந்தவர் அப்படியே உள்ளே நுழைவதும் தவறு. இஸ்தோப்பிலேயே (முன் திண்ணையிலேயே) மேலுடையை உதறாமல் மெல்லக் கழற்றி, பொலித்தீன் பையில் கட்டி, ஆட்களிடமிருந்து தள்ளி வையுங்கள். ஒட்டிய தூசியில் பெரும்பகுதி அதோடு போய்விடும். பிறகு தலை. 1954 மார்ச் 1இல் பிகினியில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ரொங்கெலாப் தீவில் விழுந்தபோது, அந்த மக்கள் தலையில் தடவியிருந்த தேங்காயெண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டது. எண்ணெய் வைத்துப் பின்னிய நம் பெண்பிள்ளைகளின் சடையும் அப்படித்தான் பிடிக்கும். பின்னலை அவிழ்த்து ஷாம்பு அல்லது சவர்க்காரம் போட்டு அலசுங்கள். கண்டிஷனர் வேண்டாம், அது தூசியை முடியோடு ஒட்டவைக்கும். தோலைக் கீறும்படி தேய்க்கவும் வேண்டாம்.

மழை பெய்தால் எல்லாம் கழுவிப்போகும் என்று நம்பி வெளியே இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது வாசல் கான் (வடிகால்). தகரத்தில் கிடந்தது முழுவதும் வழிந்து, நாம் கால் வைக்கும் இடத்திலேயே கானில் வண்டலாகத் தேங்கும். மேகத்தில் இருப்பதையும் மழைதான் இறக்கிவிடுகிறது. 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் வேல்ஸ் மலைகளில் மழையோடு இறங்கிய சீசியம் என்ற கதிரியக்கப் பொருளால், அங்கு செம்மறி ஆடு விற்பதற்கான கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கதிரியக்கம் போகாது. முன்கூட்டியே மூடிவைத்த தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீட்டர் வேண்டும். ஓடைத் தண்ணீரும் திறந்த பீலித் (ஊற்றுக் குழாய்) தண்ணீரும் வேண்டாம். வெளியே கிடந்த விறகை எரிக்காதீர்கள், தூசியைக் கூட்டிக்கொண்டு வரும். எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டு அடுப்பு மூட்டினால் புகையிலேயே மூச்சடைத்துப் போகும். தூசி விழுந்து முடியும்வரை அடுப்பை அணைத்து வையுங்கள்.

கதிரியக்கத்துக்கு மருந்தென்று அயடீன் உப்பை அள்ளி விழுங்குவது பெரிய ஆபத்து. பெரியவருக்கான பொட்டாசியம் அயடைட் மாத்திரை ஒன்றில் 100 மி.கி. அயடீன் இருக்கிறது, கிலோ உப்பில் 25 மி.கி. என்று வைத்தாலும் 4 கிலோ உப்புத் தின்ன வேண்டும். அந்த மாத்திரையும் கழுத்திலுள்ள தைரொய்டுச் சுரப்பியை மட்டுமே காக்கும். காயத்துக்குப் போடும் அயடீனைக் குடிக்கவே கூடாது.

கறவை மாட்டை வெளிப்புல்லில் மேயவிடாமல், மூடிவைத்த தீவனம் கொடுங்கள். புல்லில் விழும் அயடீன்-131 என்ற கதிரியக்க அயடீன் பால் வழியே பிள்ளைகளின் தைரொய்டுக்குப் போகும். அது பாதியாகக் குறைய 8 நாள், அநேகமாக முழுதும் தீர ஏறத்தாழ 80 நாள். அதுவரை பிள்ளைகளுக்கு முன்பே வாங்கிவைத்த பால்மாவைக் கரைத்துக் கொடுங்கள்.