எறியும் முன் விழக் கற்போம்: ஜூடோ உருளலுக்கு ஒரு தொடக்கப் பயிற்சி

ஜப்பானியத் தற்காப்புக் கலை என்றதும் பலருக்குக் கூரைக்குக் கூரை தாவி அந்தர் பல்டி அடிக்கும் நிஞ்ஜாதான் நினைவுக்கு வருவார். அது மேடையிலும் திரையிலும் வளர்ந்த உருவம். ஜூடோ, ஜூஜுட்சு, ஐகிடோ பழகும் டோஜோக்களிலும் (பயிற்சிக் கூடங்களிலும்) கரணங்கள் உண்டு. ஆனால் யாரோ நம்மைத் தூக்கி எறியும்போது அடிபடாமல் தரைக்கு வந்து சேர்வதற்காகத்தான் அவற்றைப் பழகுகிறார்கள். இந்த விழும் கலைக்கு உகெமி என்று பெயர்.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், 12 டாட்டாமிப் பாய்கள் கொள்ளும் இடத்தில் கோடோகான் என்னும் தம் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். கிட்டோ-ரியூ, தென்ஜின் ஷின்யோ-ரியூ என்னும் பழைய ஜூஜுட்சு மரபுகளைக் கற்றவர் அவர். இணையர் முழு வேகத்தில் எறிந்து பழக வேண்டுமானால், விழுபவருக்கு விழத் தெரிந்திருக்க வேண்டும். விழத் தெரியாதவரை யாரும் மனசார எறிய மாட்டார்கள்; எறிதலும் வளராது. ஜூடோவில் பாதிக் கல்வி இதுதான் என்பேன்.

சரி, பயிற்சிக்கு வருவோம். டைல்ஸ் தரையில் கோரைப்பாய் விரித்துச் செய்து பார்க்காதீர்கள். ஜூடோ மெத்தை வேண்டும். முதல் சில வாரங்களுக்குப் பயிற்றுநரும் பக்கத்தில் வேண்டும். கழுத்திலோ தோளிலோ பழைய காயம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் படி: தலை

மல்லாந்து படுத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, இடுப்பு பெல்ட்டின் முடிச்சைப் பாருங்கள். தலை தரையிலிருந்து தானாக எழும்பும். ஜப்பானில் 2012-இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயமானபோது, ஜூடோவில் மாணவர்களுக்கு ஏற்படும் தலைக் காயங்கள் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. பின்பக்கமாக விழும்போது பின்மண்டை தரையில் மோதுவதுதான் புதியவர்களுக்குப் பெரிய ஆபத்து. தாடையை ஒட்டும் பழக்கம் யோசிக்காமலே வர வேண்டும். அதுவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: கை

படுத்தபடியே இரு கைகளையும் நெஞ்சுக்கு மேல் குறுக்காகத் தூக்கி, உள்ளங்கை கீழ்நோக்க, முழுக்கையாலும் மெத்தையை அறையுங்கள். கைக்கும் உடலுக்கும் இடையே 30 முதல் 45 டிகிரி போதும். அகல விரித்தால் அடி தோள்மூட்டில் இறங்கும். அறைந்த கை உடனே துள்ளி எழ வேண்டும். இது பழகியதும் குந்தி உட்கார்ந்து, அப்படியே பின்னால் உருண்டு அறையுங்கள்.

மூன்றாம் படி: முன் உருளல்

பள்ளியில் அடித்த குட்டிக்கரணத்தை இங்கே மறந்துவிடுங்கள். அது முதுகெலும்பின் மேல் நேராக உருளும். இது ஒரு தோளில் தொடங்கி, முதுகைக் குறுக்காகக் கடந்து, எதிர்ப்பக்க இடுப்பில் முடியும். தலையும் தண்டுவடமும் கெட்டித் தரையில் அடி வாங்காமல் தப்பிப்பது இந்தக் குறுக்குப் பாதையால்தான்.

முழங்காலிட்டுத் தொடங்குங்கள். வலது பாதத்தை முன்னால் ஊன்றி, இடது முழங்காலைத் தரையில் வையுங்கள். இடது கையைச் சற்று முன்னால் ஊன்றுங்கள். வலது கையை அதற்கும் வலது பாதத்துக்கும் நடுவில், விரல் நுனிகள் உங்களை நோக்கும்படி, சுண்டுவிரல் பக்கம் தரையில் படும்படி வையுங்கள். வலது முழங்கை வெளிப்பக்கமாக வளைந்து, விரலிலிருந்து தோள்வரை ஒரே வில்லாக இருக்கட்டும். தலையை இடப்பக்கம் திருப்பி, இடது அக்குளைப் பாருங்கள். பின்காலால் மெல்ல உந்துங்கள். முன்கை, தோள், முதுகு, இடது இடுப்பு என்று வரிசையாகத் தரை தொடும். இடது கை அறையும்.

முடியும்போது இடது கால் சற்று மடங்கிப் பக்கவாட்டில் கிடக்கும். வலது பாதம் முழுதாகத் தரையில் பதியும். கால்களைப் பின்னிக்கொள்ளாதீர்கள். முழங்காலும் கணுக்காலும் ஒன்றோடொன்று இடித்து வலிக்கும்.

தோள் 'தொப்'பென்று விழுகிறதா? வலது முழங்கை மடங்கிவிட்டது என்று அர்த்தம். நடுமுதுகு வலிக்கிறதா? தலையைத் திருப்பாமல் நேராக உருண்டிருப்பீர்கள். வேகத்தைக் கூட்டினால் இவை சரியாகாது; மறுபடி முழங்காலிட்டு மெதுவாகச் செய்யுங்கள்.

இரண்டு பக்கமும் சத்தமில்லாமல், அறையும் ஒலி மட்டும் கேட்கும்படி உருள முடிந்த பிறகு நின்றபடி செய்யலாம். அப்புறம் ஓரடி நடந்து வந்து உருண்டு, அந்த வேகத்திலேயே எழுந்து நிற்கலாம். மண்டியிட்டுக் குனிந்திருக்கும் தோழரைத் தாண்டி உருள்வதும், கையூன்றிப் பக்கவாட்டில் சுழன்று எழுவதும் பல டோஜோக்களில் உடல் சூடேற்றும் பயிற்சிகளாகவே நடக்கின்றன. அவற்றுக்கு அவசரமில்லை, எப்போது தொடங்கலாம் என்பதைப் பயிற்றுநர் சொல்லட்டும். நடுவில் தலை சுற்றினாலோ, தலையில் லேசாக அடிபட்டாலோகூட அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்திவிட்டு அவரிடம் சொல்லிவிடுங்கள்.