அமெரிக்காவில் முதல் குடும்ப வண்டி: மதுரையிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

மதுரையிலிருந்தும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி போன்ற சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் வேலை விசாவில் அமெரிக்கா புறப்படும் இளம் குடும்பங்கள், வீடும் பிள்ளைகளின் பள்ளியும் முடிவானதும் அடுத்துக் கேட்பது வண்டியைப் பற்றித்தான். பல ஆண்டுகள் அங்கே குடும்பத்தோடு இருந்துவிட்டு இப்போது திருநகரில் வசிப்பதால், என்னிடமும் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. எது நம்பகமானது, எது அதிக மைலேஜ் கொடுக்கும் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அவை இரண்டும் முக்கியமே. ஆனால் புதிதாகப் போகிறவர்கள் அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய மூன்றாவது ஒன்று உண்டு: நினைத்தபோது நல்ல விலைக்கு விற்கக்கூடிய வண்டியா என்பது.

இதற்குக் காரணம் விசா. எச்-1பி எனப்படும் வேலை விசா முதலில் அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கும், நீட்டிப்போடு பொதுவாக 6 ஆண்டுகளுக்கும் கிடைக்கிறது. இடையில் வேலை போய்விட்டால், அடுத்த வேலை தேடவோ நாடு திரும்பவோ கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாட்கள். அந்த நெருக்கடியில் வீட்டு வாசலில் நிற்கும் பெரிய வண்டி ஒரு வாரத்தில் பணமாக வேண்டும். அதை ஊருக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணமே வேண்டாம். இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள அந்த வண்டியை இங்கே பதிவு செய்து ஓட்ட முடியாது. ஆகவே வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல், வாங்கும் விலைக்கும் சில ஆண்டுகள் கழித்து விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் வண்டியின் உண்மையான செலவாகக் கணக்கிட வேண்டும். டொயோட்டா, ஹோண்டா வண்டிகள் வாங்கும்போது சற்று அதிகம் கேட்பவையாகத் தோன்றினாலும், இந்தக் கணக்கில் பெரும்பாலும் அவையே மலிவாக முடிகின்றன.

அளவு பற்றிய தெளிவு முதலில் வேண்டும். இங்கே நாம் பெரிய வண்டி என்று நினைக்கும் இன்னோவா கிரிஸ்டாவின் நீளம் சுமார் 4.7 மீட்டர். அங்கே சிறிய எஸ்.யு.வி. வகையில் வைக்கப்படும் டொயோட்டா ராவ்4 சுமார் 4.6 மீட்டர் நீளமானது, ஹோண்டா சி.ஆர்.-வி.யும் ஏறக்குறைய அந்த அளவுதான். நடுத்தர எஸ்.யு.வி. என்று அவர்கள் சொல்லும் டொயோட்டா ஹைலேண்டர் சுமார் 4.95 மீட்டர் நீளம், மூன்று வரிசை இருக்கைகள் கொண்டது. ஹோண்டா பைலட், ஹூண்டாய் சாண்டா ஃபே, கியா சொரெண்டோ ஆகியவையும் இந்த வகையில்தான் வருகின்றன. கணவன், மனைவி, ஒன்றிரண்டு குழந்தைகள் என்ற குடும்பத்துக்கு அன்றாடம் ராவ்4 அளவே தாராளமாகப் போதும்.

மூன்றாவது வரிசை வேண்டும் என்று பலர் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் ஊரிலிருந்து வரும் பெற்றோர். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. சுற்றுலா விசாவில் வரும் பெற்றோருக்கு ஒரு முறைக்குப் பெரும்பாலும் 6 மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கிறது. ஒரு குழந்தை உள்ள வீட்டில் அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தாலும் ஐந்து பேர்தான். குழந்தைகள் இருவர் என்றால்தான் ஆறாவது இடம் தேவைப்படும். அப்போதும், மூட்டு வலி உள்ள பெரியவர்களால் மூன்றாவது வரிசைக்கு ஏற முடியாது. அங்கே குழந்தைகளைத்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கும். குழந்தையின் சிறப்பு இருக்கையை அங்கே முறையாகப் பொருத்த முடிகிறதா என்பதை வண்டிக்கு வண்டி பார்க்க வேண்டும். இரண்டு குழந்தைகள் இருந்து, பெற்றோரும் ஆண்டுதோறும் நீண்ட காலம் வந்து தங்குவார்கள் என்பது உறுதியானால் மூன்று வரிசை வண்டி வாங்குங்கள். இல்லையென்றால் அவர்கள் இருக்கும்போது வரும் ஒன்றிரண்டு நீண்ட பயணங்களுக்கு மட்டும் பெரிய வண்டியை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். பெரியவர்களுக்கு உண்மையில் முக்கியமானது இருக்கையின் உயரம். குனிந்து இறங்கவும் வேண்டாம், கால் தூக்கி ஏறவும் வேண்டாம் என்று அவர்கள் இடுப்பு உயரத்தில் இருக்கை அமைந்திருந்தால் அதுவே நல்ல வண்டி.

இனி மைலேஜ். நமக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுத்தான் பழக்கம். அங்கே கேலனுக்கு எத்தனை மைல் என்பதே கணக்கு. அவர்கள் சொல்லும் எண்ணை 0.425 ஆல் பெருக்கினால் நம் கணக்கு கிடைத்துவிடும்: 40 மைல் என்றால் லிட்டருக்கு 17 கிலோமீட்டர். புதிய வண்டி ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு, நகரம், நெடுஞ்சாலை, இரண்டும் சேர்ந்தது என மூன்று எண்களாக ஒட்டப்பட்டிருக்கும். 2019-இல் வந்த ராவ்4 ஹைப்ரிட்டுக்கு (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து இயங்கும் வகை) அவை 41, 38, 40. 2023-இல் வந்த சி.ஆர்.-வி. ஹைப்ரிட், முன்சக்கர இயக்கத்தில், 43, 36, 40. 2021-ஐ ஒட்டிய ஆண்டுகளின் ஹைலேண்டர் ஹைப்ரிட் 36, 35, 36. ஹைப்ரிட் இல்லாத, ஆறு சிலிண்டர் இன்ஜின் கொண்ட 2023 பைலட் 19, 27, 22.

இந்த எண்களை அப்படியே ஒப்பிடுவதில் ஒரு பிழை நேர்கிறது. ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டும் குடும்பத்துக்கு, 22 மைல் தரும் வண்டி சுமார் 545 கேலன் குடிக்கும். 36 மைல் தருவது 333 கேலன். 40 மைல் தருவது 300 கேலன். கேலன் 3.50 டாலர் என்று வைத்துக்கொண்டால், 22-லிருந்து 36-க்குப் போவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 740 டாலர் மிச்சமாகிறது. 36-லிருந்து 40-க்குப் போவதால் மிச்சமாவது சுமார் 117 டாலர் மட்டுமே. எனவே ஹைப்ரிட்டா இல்லையா என்பதுதான் பெரிய முடிவு. எந்த ஹைப்ரிட் இரண்டு மைல் கூடுதலாகத் தருகிறது என்று வாரக்கணக்கில் ஆராய்வதில் பயனில்லை. அதே போல, மிச்சத்தின் பெரும்பகுதி நகரத்துக்குள்தான் கிடைக்கிறது. டாலஸில் இருந்து ஹூஸ்டனை அடுத்த பேர்லாந்தில் உள்ள மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நெடுஞ்சாலையில் போய் வந்தால் சுமார் 500 மைல். மதுரைக்காரர்கள் பலர் விரும்பிச் செல்லும் பயணம் அது. பைலட்டில் 18 அல்லது 19 கேலன் ஆகும், ஹைலேண்டர் ஹைப்ரிட்டில் 14 கேலன் ஆகும், வித்தியாசம் அவ்வளவுதான். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, சிக்னல்களில் நின்று நின்று வேலைக்குப் போகும் அன்றாட ஓட்டத்தில்தான் 19-க்கும் 36-க்கும் உள்ள இடைவெளி தெரியும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மோட்டார் வழியாகப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால் இது நிகழ்கிறது. பனிக்காலத்தில் உள்ளே சூடு தருவதற்காக இன்ஜின் அடிக்கடி ஓட வேண்டியிருப்பதால், குளிர் மாநிலங்களில் இந்த எண்கள் சில மாதங்களுக்குக் குறையும்.

“பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது?” என்று மதுரையில் எல்லோரும் கேட்கிறார்கள். இங்கேயே இன்னோவா ஹைகிராஸ், ஹைரைடர் ஹைப்ரிட் ஆகியவற்றை ஓட்டியவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. டொயோட்டா அங்கே விற்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த தொழில்நுட்பம்தான். டொயோட்டா 2020 மாடல் முதல் ஹைப்ரிட் பேட்டரிக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் வாரண்டி தருகிறது. வண்டி கைமாறினாலும் அது தொடரும். இந்த அமைப்பில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ கிடையாது. பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. கியர்பெட்டியும் இல்லை, அதற்குப் பதில் பற்சக்கரத் தொகுதியே இருக்கிறது. பிரேக் பேடுகளும் நீண்ட நாள் வருகின்றன. பழுதாகக்கூடிய பாகங்கள் குறைந்திருப்பதால் டாக்சி ஓட்டுபவர்கள் இவற்றை விரும்பி வாங்குகிறார்கள். பேட்டரிக்குக் குளிர்காற்று இழுக்கும் துளை பல மாடல்களில் பின்இருக்கையின் கீழ்ப்பகுதியில் இருக்கும். அதைப் போர்வையாலோ துணிப்பையாலோ அடைத்துவிடாமல், அதன் வடிகட்டியையும் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வந்து ஒன்றரை மாதம் தங்கும்போது நின்றிருக்கும் வண்டியின் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடுவது வழக்கம். நண்பர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒரு முறை சிறிது தூரம் ஓட்டச் சொல்லிவிட்டு வருவது நல்லது.

ஹூண்டாயும் கியாவும் இன்ஜின், கியர்பெட்டி ஆகியவற்றுக்கு 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வாரண்டி என்று விளம்பரம் செய்கின்றன. அது முதல் உரிமையாளருக்கு மட்டுமே. அந்த வண்டியைப் பழையதாக ஒருவரிடமிருந்து நேரடியாக வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது, முதலில் விற்ற நாளிலிருந்து 5 ஆண்டு அல்லது 60,000 மைல்தான். நிறுவனத்தின் சான்று பெற்ற பழைய வண்டி என்றால் விதி மாறும். இதை அறியாமல் பலர் வாங்குகிறார்கள். மேலும், 2011 முதல் 2022 வரை வந்த, சாவியைத் திருகி இயக்கும் இவர்களது வண்டிகள் பலவற்றில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை இயங்கவிடாத மின்னணுப் பூட்டு) இல்லாததால் திருட்டு பெருகி, சில நகரங்களில் காப்பீடு கிடைப்பதே சிரமமானது. பட்டன் அழுத்தி இயக்கும் மாடல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

புதியதா பழையதா என்பதில் பொதுவான அறிவுரை, மூன்று ஆண்டு ஓடிய வண்டியை வாங்கு என்பது. ராவ்4 ஹைப்ரிட் போன்றவற்றில் இது எப்போதும் பொருந்தாது. மறுவிற்பனை மதிப்பு உயர்ந்திருப்பதால் மூன்று ஆண்டு ஓடியதற்கும் புதியதற்கும் விலை வித்தியாசம் சில நேரம் மிகச் சிறியதாக இருக்கும். அப்படி இருந்தால் புதியதே வாங்குங்கள். பழையது என்றால் அதன் 17 எழுத்து அடையாள எண்ணை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு முகமையின் இணையதளத்தில் இட்டு, சரிசெய்யப்படாத ரீகால் (குறைபாட்டைச் சரிசெய்ய நிறுவனம் விடுத்த அழைப்பு) ஏதும் உள்ளதா என்று பாருங்கள், இது இலவசம். விபத்து வரலாற்று அறிக்கை வாங்குங்கள். பெருஞ்சேதம் அடைந்தது என்பதற்கான ‘சால்வேஜ்’, அதன்பின் சீரமைக்கப்பட்டது என்பதற்கான ‘ரீபில்ட்’ என்று முத்திரை விழுந்த டைட்டில் எனும் உரிமைப் பத்திரம் உள்ள வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். விற்கும்போது அதை யாரும் வாங்க மாட்டார்கள். விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் பணம் கொடுத்து வண்டியைத் தூக்கி அடிப்பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். பனி பெய்யும் மாநிலங்களில் சாலையில் உப்பு தூவுகிறார்கள்; ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டியின் அடித்தகடு எப்படி அரித்திருக்கும் என்று பார்த்தவர்களுக்கு, அங்கே ஓடிய வண்டியின் நிலை உடனே புரியும். மேலே பளபளப்பாக இருக்கும். கீழே செதில் செதிலாக உதிரும்.

நான்கு சக்கர இயக்கம் பனியில் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது டயர்தான். டெக்சாஸ், கலிபோர்னியா, ஜார்ஜியாவுக்குப் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. மிச்சிகன், மினசோட்டா போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள் அதற்கும் முன்னதாகப் பனிக்கால டயர்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

வாங்குவதற்குமுன் மனைவியும் கணவனும் இருவருமே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். மதுரையில் ஸ்கூட்டரில் எங்கும் போய்வந்த பெண், பேருந்தே வராத ஒரு புறநகரில் வண்டி ஓட்டத் தெரியாமல் வீட்டுக்குள் அடைந்துபோவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். ஐந்தடி உயரம் உள்ளவருக்கு ஸ்டீயரிங், பெடல், பின்பக்கப் பார்வை எல்லாம் சரியாக அமைகிறதா என்பது மைலேஜை விட முக்கியம். குழந்தையின் இருக்கையையும் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். பின்னோக்கி உட்காரும் இருக்கையை வைத்தால் முன்இருக்கை எவ்வளவு முன்னே தள்ளப்படுகிறது என்பது பொருத்தினால்தான் தெரியும்.

விலை பேசும்போது, இங்கே ஆன்-ரோடு விலை கேட்பது போல, வரி, பதிவுக் கட்டணம், டீலரின் ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்ந்த ‘அவுட் தி டோர்’ விலையை எழுத்தில் வாங்குங்கள். விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டெக்சாஸில் வண்டிக்கு 6.25 சதவீதம், நியூ ஜெர்சியில் 6.625 சதவீதம், ஓரிகானில் பொதுவான விற்பனை வரியே இல்லை. மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அந்த எண் தெரிந்தால் தவணைக் காலத்தை நீட்டிச் செலவை மறைத்துவிடுவார்கள். இங்குள்ள சிபில் மதிப்பெண்ணை அங்கே பெரும்பாலான கடன் நிறுவனங்கள் பார்ப்பதில்லை என்பதால் முதல் கடனின் வட்டி அதிகமாகவே இருக்கும். டீலரிடம் போகும் முன் கிரெடிட் யூனியனில் (நம் கூட்டுறவு வங்கி போன்றது) விசாரித்து, விசாக் காலத்துக்குள் முடியும் தவணையாக எடுத்துக்கொள்ளுங்கள். கடன் தீர்ந்து டைட்டில் பத்திரம் கையில் இருந்தால் அவசரத்தில் விற்பது எளிது.

மதுரையிலேயே முடிக்க வேண்டியவை சில உண்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இருவரும் பெற்றுக்கொள்ளுங்கள்; அது ஓர் ஆண்டு செல்லும். எவ்வளவு காலத்துக்கு அதை வைத்து ஓட்டலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், போய்ச் சேர்ந்ததும் உள்ளூர் உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். இங்கே ஓட்டிய ஆண்டுகளைப் பெரும்பாலான காப்பீட்டு நிறுவனங்கள் கணக்கில் கொள்வதில்லை. நாற்பது வயதானாலும் புதிய ஓட்டுநர் என்ற கணக்கில் பிரீமியம் கேட்பார்கள். ஆகவே வண்டியை முடிவு செய்யும் முன், மனத்தில் இருக்கும் இரண்டு மூன்று மாடல்களுக்கும் காப்பீட்டுத் தொகை கேட்டு, அதையும் ஆண்டுச் செலவில் சேர்த்துப் பாருங்கள். எரிபொருளில் மிச்சமாகும் தொகையை விட அந்த வித்தியாசம் சில நேரம் பெரிதாக இருக்கும்.