பிளாக் லைட் பேய் வீட்டுப் படத்தைச் சீர்செய்யும் முறை

அமெரிக்கப் பூங்காக்களில் தண்டவாளத்தில் வண்டி ஓடும் பழைய பேய் வீடுகளுக்கு டார்க் ரைடு என்று பெயர். இத்தகைய வீடுகளை வடிவமைத்த பில் ட்ரேசி 1964-இல் மேரிலாந்தின் ஓஷன் சிட்டியில் அமைத்த பேய் வீடு அந்த ரகம். அத்தகைய இடங்களில் பிளைவுட்டிலும் ஹார்டுபோர்டிலும் ஃப்ளோரசன்ட் பெயின்ட்டால் தீட்டிய படங்கள் நிறைய. சாதாரண விளக்கில் வெளிறித் தெரிவது பிளாக் லைட்டில், அதாவது புற ஊதா விளக்கில், பளிச்சென்று ஒளிரும். ஆகவே எந்த வேலையையும் இரண்டு விளக்கிலும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் படமெடுங்கள். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வெள்ளை விளக்கில் ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, 365 நானோமீட்டர் எல்இடியில் ஒன்று. கடைசியதற்கு லென்ஸில் புற ஊதாவைத் தடுக்கும் ஃபில்டர் கட்டாயம். உங்களுக்கும் அதற்கான கண்ணாடி வேண்டும். பிற்காலத்தில் யாராவது ஒட்டுப் பூசிய இடத்தை இந்தக் கடைசிப் படம் கறுப்புத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

1978-க்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. நுண்தூசியைத் தடுக்கும் பி100 முகமூடி, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வாக்குவம், மெல்லிய பிரஷ் இவற்றோடு தூசியை எடுங்கள். அதன்பின் புகைக்கரிக்கான ரப்பர் ஸ்பாஞ்ச், தேய்க்காமல் ஒற்றுங்கள். பிடிவாதமான அழுக்குக்கு மட்டும் அயனி நீக்கிய தண்ணீரில் நனைத்த பஞ்சு. மூலையில் ஒரு சதுர அங்குலம் சோதித்து, பஞ்சில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். போஸ்டர் கலர் என்றால் தண்ணீரில் கரைந்துவிடும். துணி துவைக்கும் சோப்பு வேண்டவே வேண்டாம். துணியைப் பளிச்சென்று காட்ட அதில் சேர்க்கும் ஒளிர்வூட்டி படத்தில் தங்கி, பிளாக் லைட்டில் நீலப் புகைபோல ஒளிரும். வெள்ளைப் பனியன் துணியின் நூலிழையும் அப்படித்தான், பேயின் மூக்கில் பளிச்சென்று மின்னும்.

அசிட்டோனை எடுக்காதீர்கள். ஃப்ளோரசன்ட் நிறமி என்பது சாயம் ஏற்றிய பிசின் துகள். கரைப்பான் பட்டால் சாயம் பரவி, ஓரம் மங்கிப் போகும். உரிந்து தூக்கிய பெயின்ட்டின் அடியில் 3 சதவீத ஸ்டர்ஜன் மீன் பசையை, 40 டிகிரிச் சூட்டில், நுண்பிரஷால் ஒரு துளி விடுங்கள். மேலே சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர் தாள், அதன்மேல் சிறு மணல்பை, ஒரு இரவு. தண்ணீருக்குப் பெயின்ட் கரைகிறதென்றால் மீன் பசையைத் தொடாமல், பெட்ரோலிய ஸ்பிரிட்டில் நீர்த்த பேவா 371 என்ற ஓவியச் சீரமைப்புப் பசையை ஒரு மூலையில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

உதிர்ந்த குழியைச் சுண்ணாம்புக்கல் பொடிக் கலவையால் நிரப்பி, வெள்ளை அடிப்பூச்சு கொடுங்கள். ஃப்ளோரசன்ட் பெயின்ட் ஒளி ஊடுருவக்கூடியது. அடியில் வெள்ளை இல்லாவிட்டால் எத்தனை கோட்டு அடித்தாலும் செத்துக் கிடக்கும். இங்கே டைட்டானியம் வெள்ளை ஓகே. ஆனால் நிறத்தோடு கலந்தால் தொலைந்தீர்கள்: புற ஊதாவை அதுவே விழுங்கிக்கொள்ளும், ஆரஞ்சு மங்கலாகிவிடும்.

மெல்லிய 2, 3 கோட்டுகள் போடுங்கள். புதுப் பெயின்ட் பழையதைவிட அதிகம் ஒளிரும். அதே நிறத்தில் சாதாரண அக்ரிலிக் ஒரு துளி, இன்னொரு துளி என்று சேர்த்துத் தணியுங்கள், ஒவ்வொரு முறையும் விளக்கை மாற்றிப் பார்த்து. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் வேறு. காய்ந்த மாதிரித் துண்டை ஒப்பிடுங்கள். அசல் பெயின்ட்டின்மேல் புதியது மயிரிழையும் ஏற வேண்டாம், பின்னாளில் பிரித்தெடுக்க முடியாது.

வார்னிஷ் பூசுவதற்கு முன் டப்பாவைப் படியுங்கள். புற ஊதாவிலிருந்து காக்கும் என்று எழுதியிருந்தால் அது உங்கள் படத்துக்குப் போர்வை. பூசிய மறுநாள் படம் முழுதும் இருட்டு. எங்கள் கருத்து, உள்ளறைப் படத்துக்கு வார்னிஷே வேண்டாம். ஒளிர வைக்கும் அதே கதிர்தான் சாயத்தையும் வெளுக்கவைக்கிறது, எனவே வண்டி நெருங்கும்போது மட்டும் எரியும்படி விளக்கை சென்சாரில் இணையுங்கள்.