எடை குறைந்த குழந்தைக்குத் தாயின் மார்புச் சூடு

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவாக இருக்கும் குழந்தையின் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால், நமக்கு இதமாகத் தோன்றும் அறையிலும் அதன் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் அணிவித்து, தாயின் வெற்று மார்பில் தோலோடு தோல் படும்படி நிமிர்ந்த நிலையில் சாய்த்து, முகத்தை ஒருபக்கம் திருப்பி, மூக்கும் வாயும் மறையாதவாறு துணியால் அணைத்துக் கட்டுவதே கங்காரு பராமரிப்பு. எத்தனை போர்வை சுற்றினாலும் இதற்கு ஈடாகாது. தந்தையும் இதைச் செய்யலாம். உள்ளங்கால் சில்லிட்டிருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது என்று பொருள்.

இத்தகைய குழந்தை பசித்தாலும் அழாமல் உறங்கிவிடக்கூடும் என்பதால், 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பித் தாய்ப்பால் கொடுங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ, அணைத்த பின்னும் உடல் சில்லிட்டே இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.