பல மாநிலத்தார் சேர்ந்து தைக்கும் லைனை நடத்துவது எப்படி: திருப்பூர் பனியன் நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் நடுத்தர அளவுள்ள ஒரு பனியன் கம்பெனியின் தையல் பிரிவுக்குள் நுழைந்தால், ஓவர்லாக் மெஷினில் ஒடிசாவிலிருந்து வந்த இளம்பெண்ணும், பேட்லாக் மெஷினில் தேனிப் பக்கத்து நடுவயதுக்காரரும், அயர்னிங் மேசையில் பீகார்க்காரரும், டெய்லருக்கு உதவும் கைமடி வேலையில் ஜார்க்கண்டைச் சேர்ந்தவரும் ஒரே டி-ஷர்ட்டுக்காக உழைப்பதைக் காணலாம். ஒரே உடையைப் பகுதி பகுதியாகத் தைக்க மெஷின்களை வரிசையாகப் போட்ட அமைப்பையே லைன் என்கிறோம். இத்தகைய அணியை நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் எழுதப்படுவது இந்த வழிகாட்டி. நான் பார்த்தவரையில், இங்கே எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை மொழி வேறுபாட்டால் மட்டும் வருவதில்லை. வெளி மாநிலத்தவர் அனைவரையும் ஒரே கூட்டமாக எண்ணுவதும், அவர்களோடு பேசும் பொறுப்பு முழுவதையும் ஒரே கான்ட்ராக்டரின் கையில் விட்டுவிடுவதுமே அவற்றுக்கு வேர்.

ஆகவே முதல் வேலை ஆள் பதிவேட்டில் தொடங்க வேண்டும். பெயர், வயது, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு தாய்மொழி, மாவட்டம், எந்த எழுத்தை வாசிக்கத் தெரியும் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “இந்திக்காரர்கள்” என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர்களுக்குள்ளே ஒடியா பேசுகிறவர் உண்டு. வங்காளமும் அசாமியமும் பேசுகிறவர் உண்டு. போஜ்புரியையும் மைதிலியையும் தாய்மொழியாகக் கொண்டவர் உண்டு. ஒல் சிக்கி என்ற தனி எழுத்தையுடைய சந்தாலி பேசும் பழங்குடியினரும் உண்டு. சுவரில் இந்தியில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டால் எல்லாருக்கும் சேர்ந்துவிட்டது என்று நினைப்பது பிழை. எழுத்தறியாதவர்களுக்குப் படமும், அவரவர் மொழியில் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்செய்தியும் உதவும். பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுத வேண்டும் என்பதை அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். ஓர் எழுத்து மாறினாலும், ஊருக்குத் திரும்பிய பிறகு வருங்கால வைப்பு நிதியை எடுக்க அந்தத் தொழிலாளி அலைய நேரிடும். பதிவேட்டில் சரியாக எழுதிய அந்தப் பெயரால்தான் லைனிலும் அவரை அழைக்க வேண்டும்.

அடுத்து, பேச்சு போகும் பாதையைச் சீர்செய்ய வேண்டும். ஆட்களை அழைத்து வந்தவரே மொழிபெயர்ப்பாளராகவும், அறைக்குப் பொறுப்பாளராகவும், சம்பளம் வாங்கித் தருபவராகவும் இருந்தால், நிறுவனத்தின் உண்மையான முதலாளி அவர்தான். விடுப்பு கேட்கும் பெண்ணின் காரணமும், கூலி குறைகிறது என்ற முறையீடும் அவருக்கு ஒத்துவந்தால்தான் உங்கள் காதுக்கு எட்டும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு மொழிக்கும், ஒருவருக்கொருவர் உறவில்லாத, ஒரே அறையில் தங்காத இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். பெண்கள் வேலை செய்யும் பிரிவில் அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மெஷினை நிறுத்திவிட்டு வந்து பேசுகிறவருக்குப் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கேற்ற கூலியில், இழப்பு உண்டாகும் என்பதால், அந்தப் பணிக்கெனத் தனிப் படி கொடுப்பது நியாயம். சம்பளம் ஒவ்வொருவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதச் சம்பளச் சீட்டை அவர் மொழியில் வரிவரியாக வாசித்துக் காட்டி, ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு என்ன, பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் எங்கே போகிறது என்று விளக்குங்கள். கால் மணி நேரம்கூட ஆகாத வேலைதான். ஆனால் பிடித்தத்தைத் திருட்டு என்று எண்ணிச் சொல்லாமல் கிளம்பிவிடுகிறவர்களை இது தடுக்கும்.

லைனில் ஆட்களை உட்கார வைப்பதில் இரண்டு பழக்கங்கள் உள்ளன. சிலர் ஒரு மாநிலத்தாரை மட்டும் கொண்டு ஒரு லைனை அமைக்கிறார்கள். பேச்சு எளிதாகிறது, வேகமும் முதலில் கூடுகிறது. ஆனால் ஊர்த் திருவிழா வந்தால் லைன் முழுவதும் காலியாகும், மற்ற லைனோடு ஒப்பிட்டுப் பேசுவது இனப் போட்டியாக மாறும். வேறு சிலர் எல்லாரையும் கலைத்துப் போடுகிறார்கள். அப்போது தன் மொழி பேச ஆளில்லாமல் ஒருவர் நாள் முழுவதும் வாய் மூடி இருக்க நேரிடும். நான் பரிந்துரைப்பது நடுவழி: லைன் கலப்பாக இருக்கட்டும், ஆனால் எந்த மொழிக்காரரும் தனியாக இராதபடி குறைந்தது இருவர் அடுத்தடுத்த மெஷின்களில் உட்காரட்டும்.

வேலையைச் சொல்லிக்கொடுக்கும் முறையில்தான் அதிகக் கவனம் தேவை. “புரிந்ததா?” என்று கேட்டால், கேட்பவர் சூப்பர்வைசர் என்பதாலேயே எல்லாரும் தலையசைத்துவிடுவார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, ஒரு பீஸைத் தைத்துக் காட்டுங்கள். பிறகு அவரை ஒரு பீஸ் தைக்கச் சொல்லிக் கூடவே நின்று பாருங்கள். ஒன்றாக வெட்டிய துணிக் கட்டுக்கு இடும் பண்டில் எண் ஏன் கலையக்கூடாது என்பதையும் கண்ணால் காட்டியே விளக்க வேண்டும். வெவ்வேறு ரோலில் வெட்டிய ஒரே நிறத் துணிகள் இரண்டைச் சன்னல் வெளிச்சத்தில் அருகருகே பிடித்து, நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று காட்டினால், உடலும் கையும் வேறு வேறு நிறமாகத் தெரியும் சட்டையைப் பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், ஏன் திருப்பி அனுப்புகிறார் என்பதற்கு மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை.

ஊசி உடையும்போது இந்த அணுகுமுறை உண்மையாகவே சோதிக்கப்படுகிறது. ஏற்றுமதி நிறுவனங்களில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகே புதிய ஊசி தருவார்கள். குழந்தை உடைக்குள் ஒரு துண்டு தங்கிவிட்டால் நேரக்கூடியதை நினைத்தால் இந்த விதி எவ்வளவு அவசியம் என்று தெரியும். இப்போது வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஊசி முனை பறந்துவிட்டது; மேசைக்கு அடியில் கையால் துழாவுகிறார், கிடைக்கவில்லை. எழுந்து போய்ச் சொன்னால் திட்டு விழுமா, கூலியில் பிடிப்பார்களா என்று தெரியாது, கேட்க மொழியும் இல்லை. பக்கத்து மெஷினிலிருந்து பழைய ஊசி ஒன்று கைமாறினால் விஷயம் அங்கேயே புதைந்துபோகும். ஊசி உடைந்ததற்காக யாரையும் திட்டுவதில்லை, காசு பிடிப்பதில்லை என்பதை எல்லா மொழியிலும் முதல் நாளிலேயே சொல்லுங்கள். வந்து சொன்னவரை மற்றவர்கள் பார்க்க நன்றாக நடத்துங்கள். மெட்டல் டிடெக்டர் கடைசிக் காவல்தான். முதல் காவல் அந்தப் பெண்ணின் தைரியம்.

ஆண்டுத் திட்டத்தை வகுக்கும்போது ஷிப்மென்ட் தேதிகளுக்குப் பக்கத்திலேயே திருவிழாக்களையும் எழுதிவையுங்கள். பீகார், ஜார்க்கண்ட் மக்களுக்குத் தீபாவளியைவிடப் பெரியது அதன் ஆறாம் நாள் வரும் சட் பூஜை. வங்காளிகளுக்குத் துர்கா பூஜை, அசாமியருக்கு ஏப்ரல் நடுவில் பிகு, மேற்கு ஒடிசாவினருக்கு விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுவாகாய் என்ற புத்தரிசித் திருவிழா, இஸ்லாமியருக்கு இரண்டு பெருநாள்கள். பொங்கலுக்குத் தென்மாவட்டத்தார் ஊருக்குப் போவது நாம் அறிந்ததே. இவை வெவ்வேறு மாதங்களில் வருவதால், கலப்பான அணியைக் கொண்ட நிறுவனம் எந்த வாரத்திலும் முற்றாக முடங்காது. பன்மையால் தொழிலுக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான லாபம் இதுவே. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகள் தரப்பட வேண்டும். அந்த ஐந்தை முடிவுசெய்யும்போது எல்லா மாநிலத் தொழிலாளரின் கருத்தையும் கேளுங்கள். இன்னொருவர் பண்டிகைக்காக வேலை செய்கிறவர் விருப்பத்தோடு செய்ய வேண்டும், அதற்கான இரட்டைக் கூலியும் பெற வேண்டும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடுகெண்ணெய் வாசனையைக் கேலி செய்வதை மேலாளர் ஒருமுறை கண்டும் காணாமல் விட்டால், அது அறை வரைக்கும் சண்டையாகப் போகும். விடுதியில் அவர்களே சமைக்க அடுப்பும் இடமும் கொடுத்தால் பாதி மனக்குறை தீர்ந்துவிடும். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. சொந்த ஊர் அட்டையைக் கொண்டு இங்கேயும் தானியம் வாங்கலாம் என்பதைத் தெரிவியுங்கள்.

உள்ளூர்த் தொழிலாளரின் கவலையையும் மதிக்க வேண்டும். வெளியாட்கள் குறைந்த கூலிக்கு வருவதால் தங்கள் கூலி உயரவில்லை என்று அவர்கள் சொல்வதை வெறுப்புப் பேச்சு என்று ஒதுக்கிவிடக்கூடாது, ஏனெனில் பல இடங்களில் அது உண்மை. ஒரே வேலைக்கு ஒரே ரேட் என்று முடிவுசெய்து, ஒவ்வொரு ஸ்டைலுக்குமான பீஸ் ரேட்டைப் பலகையில் எழுதிவையுங்கள். பதவி உயர்விலும் இதே நேர்மை வேண்டும். ஒடியா பேசும் டெய்லர் ஒருவர் சூப்பர்வைசர் ஆகும் நாளில்தான் மற்றவர்கள் இந்த நிறுவனத்தில் தங்களுக்கும் எதிர்காலம் உண்டு என்று நம்புவார்கள்.

முறையீட்டு வழிகள் மொழியால் அடைபட்டுவிடக்கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்கள் தரும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். எழுத்தில் புகார் தர இயலாதவருக்கு அதை எழுத உதவும் கடமை அந்தக் குழுவுக்கே உண்டு. ஆகவே வெளிமாநிலப் பெண் ஒருவர் அதில் உறுப்பினராக இருப்பது இன்றியமையாதது.

வதந்திக்கும் முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும். 2023 மார்ச் தொடக்கத்தில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, ஹோலிக்குக் கிளம்பியவர்களோடு பயந்து கிளம்பியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். காவல்துறை அவற்றைப் பொய்யென்று அறிவித்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழுவும் திருப்பூருக்கு வந்து விசாரித்தது. அத்தகைய நேரத்தில் அவர்கள் மொழியிலேயே, அவர்கள் நம்பும் ஒருவர் வாயால், சில மணி நேரத்துக்குள் உண்மை போய்ச்சேர வேண்டும். மேலே சொன்ன இருவர் ஏற்பாடு அன்று கைகொடுக்கும். அந்த வாரத்தில் புதிதாக ஆள் தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வருவதற்கும் ஏற்பாடு தேவை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது; சட் பூஜைக்குப் போகிறவர்களின் பட்டியலை ஆகஸ்டு மாதத்திலேயே வாங்கி, தன்பாத் எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகளில் போக வர இரண்டு பயணத்துக்கும் அலுவலகமே பதிவுசெய்து கொடுக்கலாம். கிளம்பும் முன் கணக்கைத் தீர்த்துச் சம்பளத்தை முழுமையாகக் கொடுங்கள். திரும்பி வரட்டும் என்று சம்பளத்தைப் பிடித்துவைக்கும் நிறுவனத்துக்கு ஆட்கள் ஒருமுறை வேண்டுமானால் வருவார்கள். மறு ஆண்டில் அவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய ஊரிலிருந்தே யாரும் வரமாட்டார்கள்.