வலைச்செயலியில் தேதியும் நேரமும்: தரவுத்தளம் முதல் திரை வரை

ஒரு படிவத்தில் 03/04/2025 என்று நிரப்பப்பட்டிருந்தால், அது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்பதை அந்த எழுத்துகளை மட்டும் பார்த்து எவராலும் சொல்ல இயலாது. இதனுடன் நேர மண்டலமும் சேரும்போது, பிழை எங்கே நுழைந்தது என்பதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

படி 1: புலத்தின் பொருளை முடிவு செய்தல்

நிரலைத் தொடும் முன், ஒவ்வொரு தேதிப் புலமும் எதைக் குறிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் ஆர்டர் பதிவான நேரம் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே கணம். பிறந்த தேதி வெறும் நாட்காட்டித் தேதி, அதற்கு நேர மண்டலமே கிடையாது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் காலை 9 மணிக்கு நடக்கவிருக்கும் கூட்டமோ அவ்வூர்க் கடிகாரத்தைச் சார்ந்தது. ‘எல்லாவற்றையும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமியுங்கள்’ என்ற வழக்கமான அறிவுரை, இம்மூன்றில் முதலாவதற்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

கூட்டத்துக்கு உள்ளூர் நேரத்தையும் ‘அமெரிக்கா/நியூயார்க்’ போன்ற மண்டலப் பெயரையும் சேர்த்தே சேமிக்க வேண்டும். யூடிசியிலிருந்து மைனஸ் 5 மணி என்ற வித்தியாசத்தை மட்டும் குறித்து வைத்தால் போதாது. கோடையில் அங்கு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் அது மைனஸ் 4 ஆகிறது, அரசுகள் விதியையே மாற்றுவதும் உண்டு. பசிபிக் தீவு நாடான சமோவா 2011-இல் சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது டிசம்பர் 30 என்ற நாளே அங்கு இல்லாமல் போனது.

படி 2: தரவு வகையைத் தேர்ந்தெடுத்தல்

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ‘டைம்ஸ்டாம்ப்’ வகை, இணைப்பின் நேர மண்டலத்திலிருந்து யூடிசிக்கு மாற்றிச் சேமித்து, எடுக்கும்போது திரும்ப மாற்றித் தரும். ‘டேட்டைம்’ கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். முன்னதன் எல்லை 2038 ஜனவரி 19-உடன் முடிந்துவிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளில் ‘டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்’ என்ற பெயர் பலரைத் தவறாக எண்ண வைக்கிறது: அது கணத்தை மட்டுமே சேமிக்கிறது, நீங்கள் கொடுத்த மண்டலத்தை அல்ல. பிறந்த தேதிக்கு ‘டேட்’ போதும்.

படி 3: உள்ளீட்டைப் பெறுதல்

உலாவிக்கும் சர்வருக்கும் இடையே ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர வடிவத்தையே பயன்படுத்துங்கள்: ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, கணமாக இருந்தால் யூடிசி வித்தியாசமும் சேரும். உலாவியில் இயங்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் 2025-03-04 என்ற வெறும் தேதியை யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்வதால், நியூயார்க் பயனருக்கு அது மார்ச் 3 என்று தெரியக்கூடும். ஆகவே வெறும் தேதியை நேரப் பொருளாக மாற்றாமல் எழுத்துச் சரமாகவே அனுப்புவது நல்லது.

படி 4: ஒரு நாளின் பதிவுகளைத் தேடுதல்

பயனரின் நாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை அவருடைய மண்டலத்தில் கணக்கிட்டு, பின்பு யூடிசிக்கு மாற்றித் தேட வேண்டும். நியூயார்க்கில் 2025 நவம்பர் 2 என்பது யூடிசியில் அன்று 04:00 மணிக்குத் தொடங்கி மறுநாள் 05:00 மணிக்கு முடிகிறது. அதாவது, அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பதால் அந்த நாளுக்கு 25 மணி நேரம். தொடக்கத்துடன் 24 மணியைக் கூட்டுபவர்களின் அறிக்கையில் கடைசி ஒரு மணி நேரம் விடுபட்டுப்போகும். தொடக்கத்தைச் சேர்த்து, முடிவைச் சேர்க்காமல் ஒப்பிடுங்கள். 23:59:59 வரை என்று எழுதினால் அந்தக் கடைசி நொடியின் பின்னங்கள் நழுவிவிடும்.

படி 5: திரையில் காட்டுதலும் சோதித்தலும்

மண்டல மாற்றத்தையும் மாதப் பெயர்களையும் காட்டும் கட்டத்தில் மட்டும் கையாளுங்கள். சோதிக்கும்போது சர்வர், தரவுத்தளம், உலாவி மூன்றையும் வெவ்வேறு மண்டலங்களில் வையுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்கும் கணினியில் பிழைகள் ஒளிந்துகொள்ளும். பிறகு நியூயார்க் நேரப்படி இரண்டு மதிப்புகளைக் கொடுத்துப் பாருங்கள்: 2025 மார்ச் 9, அதிகாலை 2:30 அங்கு இல்லவே இல்லாத நேரம் (கடிகாரம் 2-இலிருந்து 3-க்குத் தாவிவிடும்), நவம்பர் 2, அதிகாலை 1:30 இரண்டு முறை வருவது. முதலாவதை உங்கள் செயலி மறுக்கிறதா, இரண்டாவதில் எந்த 1:30 என்று கேட்கிறதா என்று கவனியுங்கள்.